அக்காவின் நூறு யூனிட்

எங்கள் வீட்டின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னவன் நான்தான். கொத்தனாருக்கு அரைநாள் வேலை. பூசி முடித்ததும் பின்பகுதியில் இருந்த என் அக்கா சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "டேய் தம்பி, கேக்குதா?" என்றாள். "நல்லா கேக்குதுக்கா" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். இருவரும் சிரித்தோம்.

அடைத்ததற்குக் காரணம் மின்சாரம். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருந்தால் இருநூறு. ஆனால் இரண்டும் தனித்தனி வீடுகள் என்று காட்ட வேண்டும். தனி வாசல், தனி அடுப்பு, உள்ளே வழி இருக்கக் கூடாது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிக் கதவை அடைத்த வீடுகள் நிறைய. அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போனதும் பெரும்பாலானவர்கள் இடித்துத் திறந்துகொள்வார்கள். நான் திறக்கவில்லை. சட்டப்படி இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். என் மனைவிக்கும் அக்காவுக்கும் ஒரே சமையலறையில் ஒத்துப்போகவில்லை என்பதும், அந்தச் சுவர் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும்தான் உண்மை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பிள்ளை இல்லை. அவளும் மாமாவும் இளமையில் கல்குவாரியில் வேலை செய்தவர்கள். ஜல்லி உடைக்கும் இடத்தில் அவர் இயந்திரத்தருகே நிற்பார், அவள் தட்டில் சுமப்பாள். அந்தத் தூசு முதலில் மாமாவின் நுரையீரலை எடுத்துக்கொண்டது. காப்பீட்டு அட்டை எல்லாம் எங்களுக்குத் தெரியாத காலம். தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நிலம் போயிற்று, தாலிச் சரடு போயிற்று, வட்டிக்கு வாங்கியதும் தீர்ந்தது. இன்னொரு நாள் வைத்திருக்கப் பணம் இல்லாததால் ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டு வேனில் ஏற்றி வந்தோம். சாலவாக்கம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டார். அந்தக் கடனை அக்கா ஒன்பது வருடம் களை பறித்தும் நாற்று நட்டும் அடைத்தாள். பிறகு என் வீட்டுப் பின்பகுதிக்கு வந்தாள்.

வேறு வீடு என்று ஆனதில் அவளுக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஓய்வூதியம் இருக்கும் குடும்ப அட்டையில் அவள் பெயர் இருந்தவரை அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு வருமானச் சான்று கிடைக்கவில்லை. தனி அட்டை வந்தது, சான்று வந்தது, காப்பீட்டு அட்டையும் வந்தது. வந்த அதே வருடம் அவளுக்கும் மூச்சு முட்டத் தொடங்கியது. செங்கல்பட்டில் பதினெட்டு நாள் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரூபா கேக்கல. சோறு போட்டு, மாத்திரை குட்த்து, போய்ட்டு வா ஆயான்னு அனுப்பறான். எந்தம்பி படிச்சவன். அவன் பண்ண வேலதான் எல்லாம்."

மாதம் ஒருமுறை வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர், கொரோனாவுக்கு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கிடந்த ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றை எழுதி வாங்கித் தந்தார். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் கட்டாயம் ஓட வேண்டும் என்றார் மருத்துவர். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு பில் என்ற சொல்லே ஆகாது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இயந்திரம் நாலு மணி நேரம், ஒரு ஃபேன், ஒரு லைட்டு. "நூறு தாண்டாதுக்கா. தைரியமா ஓட்டு" என்றேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் அவள் அட்டையில் பூஜ்யம் எழுதினார். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்தப் பூஜ்யங்களைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இயந்திரம் ஓடும் ஓசை சுவர் வழியே எங்களுக்குக் கேட்கும். ஒரு நீண்ட உறுமல், நடுநடுவே பெருமூச்சு போல ஒரு சீறல். என் மனைவிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த சித்திரையில் என் மகன் குடும்பத்தோடு வந்து கோடை முழுவதும் தங்கினான். ஏசி பொருத்தினோம். எங்கள் மீட்டர் ஐநூறைத் தாண்டும் போலிருந்தது. தாண்டினால் விலை ஏறிவிடும். என்னிடம் படித்து எலக்ட்ரீஷியன் ஆனவனைக் கூப்பிட்டேன். அவன் சிரித்தான்.

"இன்னா சார், கூட ஒரு மீட்டரு சும்மா தூங்கிக்கினு கீது. ஃபிரிஜ்ஜையும் மோட்டாரையும் அதுல போட்டா ஆச்சு. ஊர்ல எல்லாம் பண்ணிக்கினுதான் கீறாங்க."

"அக்கா மெயினை அமத்தினா?"

"மெயினுக்கு முன்னாலயே எடுத்துடறேன் சார். அவங்க அமத்தினாலும் உங்களுது ஓடும்."

எடுத்தான். அக்கா அன்று பரிசோதனைக்காகச் சுகாதார நிலையம் போயிருந்தாள். சுவரில் விரல் நுழையும் அளவு ஓட்டை, அதில் குழாய், மேலே பூச்சு. கூடுதலாக வரும் சிறு தொகையை நானே ரகசியமாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அக்கா தினமும் மீட்டரைப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். மேல்மூச்சு வாங்கியது.

"தம்பி, மீட்டரு வேகமா ஓடுதுடா."

"வெயில் காலம்க்கா. அப்பிடித்தான் இருக்கும்."

"இல்லடா. ஃபேனு அமத்திட்டேன். லைட்டு அமத்திட்டேன். மெயினயே எறக்கிட்டேன். அந்தச் செவப்புக் கண்ணு சிமிட்டிக்கினே கீது."

இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய இடம். என் மருமகள் கூடத்தில் இருந்தாள், மகன் இருந்தான். "மீட்டருக்குன்னு கொஞ்சம் கரண்ட்டு வேணுமில்ல, அது எடுத்துக்கும்" என்றேன். முப்பது வருடம் மின்னோட்டவியல் பாடம் நடத்தியவன் இதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

பிறகுதான் அந்தப் பகல்கள் தொடங்கின.

எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி உச்சிவேளையில் ஒரு நாய்கூட நகராது. ஏரி வறண்டு வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணையும் ஓசை கேட்கும். டக். டக். பிறகு மெயினை இறக்கும் கனத்த ஓசை. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல், யாரிடமோ மெல்லப் பேசும்.

முதல் நாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சந்து வழியே போய் எட்டிப் பார்த்தேன். அவள் வாசலை ஒட்டிய சுவரில் மீட்டர் இருந்தது. அதன் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. மீட்டரில் சிவப்பு விளக்கு நிதானமாக அணைந்து எரிந்தது. என் ஃபிரிஜ் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்று பார்த்தபோது அது ஃபிரிஜ் போலத் தெரியவில்லை. அவள் ஏதோ சொன்னாள், நிறுத்தினாள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு "ம்ம், அப்பிடியா" என்றாள். அந்த இடைவெளியில் நானும் காது கொடுத்துக் காத்திருந்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஒரு வாரத்தில் மீட்டருக்குக் கீழே தட்டு வந்தது. சோறு, கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு, ஒரு சொம்பு தண்ணீர். மாமாவுக்குப் பிடித்தது கருவாடு.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடியே நின்றாள்.

"இன்னாங்க, அண்ணி யாருக்கோ சோறு வெக்கறாங்க. கேட்டா, 'உங்கண்ணன் வந்துகீறாரு'ன்றாங்க. சுவத்துல காது வெச்சா எனக்கும் உம்முனு கேக்குது. யாரனா பூசாரியக் கூட்டியாந்து பாருங்களேன்."

சுவரில் அவள் கேட்டது எங்கள் ஃபிரிஜ்ஜின் அதிர்வு. "ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சி அக்காவுக்கு" என்றேன். என் மனைவி அதன்பின் அந்தச் சுவரோரம் படுப்பதை விட்டுவிட்டாள். பேரப்பிள்ளையையும் அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை. நான் இழுத்த ஒரு ஒயர், ஒரு வீட்டின் இரண்டு பக்கமும் ஒரு செத்த மனிதரை நடமாட விட்டிருந்தது.

அப்போதுகூட எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. உறுத்தத் தொடங்கியது இயந்திரத்தின் ஓசை குறைந்தபோது. காலையில் இரண்டு மணி நேரம் கேட்டது ஒரு மணி ஆயிற்று. பிறகு அரைமணி. ஒருநாள் காலையில் கேட்கவே இல்லை. சந்து வழியே போய், "இன்னாக்கா, மெசினு போடலயா?" என்றேன்.

"போடறேன்டா. இப்ப நல்லாத்தான் கீது" என்றாள். உதடு சற்று நீலமாக இருந்தது. அந்த இரண்டு மாதக் கணக்கு நூறைத் தாண்டிவிட்டது என்பதால் நிறுத்துகிறாள் என்று புரிந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொன்னான். சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஃபிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே மாவு இருந்தது, பேரனுக்கு ஐஸ்கிரீம் இருந்தது, மாம்பழம் இருந்தது. பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். நாலு நாள் நான் அந்த ஃபிரிஜ்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் மாத்திரை கொண்டுவந்த சுகாதாரப் பணியாளர் கூச்சலிட்டார். அக்கா மீட்டருக்குக் கீழே, தட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. மெயின் இறக்கியிருந்தது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அன்று மாலைக்குள் செங்கல்பட்டில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்ததும் நினைவு திரும்பியது.

மறுநாள் காலை அவளாகவே பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. மொதல்ல பில்லுக்கு பயந்துதான் மெசினு அமத்தினேன். அப்பறம் யோசன பண்ணேன். உங்க மாமா இன்னாத்துக்கு வந்துகீறாரு? மூச்சுக்குத்தான். அன்னிக்கு காசு இல்லன்னு புடுங்கிட்டமே. இப்ப கவருமெண்டு எனக்கு நூறு குட்த்துகீது. நான் கொஞ்சமா எடுத்துக்கினா அவருக்கு மீதி இருக்குமில்ல. அதான்."

மூச்சு வாங்கி நிறுத்தினாள்.

"இந்த ஒரு மாசமா நல்லாக் கீறாருடா. சிமிட்டறதப் பாத்தாலே தெரியுது. நிதானமா, மூச்சு வுடற மாதிரி."

அவளுக்கு மாற்றுப் புடவை எடுத்துவர வேண்டும் என்று சொல்லி ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வீடு சேர்ந்தபோது பகல் ஒரு மணி. மகன் தன் குடும்பத்தையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு மானாம்பதியில் தன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் சுவிட்சை அணைத்தேன். சந்து வழியே சுற்றிப் பின்பக்கம் போனேன். தட்டில் சோறு காய்ந்திருந்தது. எறும்புகூட மொய்க்கவில்லை. மெயின் இறக்கியபடியே இருந்தது. இனி அந்த மீட்டரில் எதுவும் ஓட வழியில்லை. புடவையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் ஒருமுறை பார்த்தேன். விளக்கு எரியவில்லை. நின்றேன். ஏன் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆறேழு நிமிடம் இருக்கும். ஒருமுறை சிமிட்டியது.

மறுபடி நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. மறுபடி, அதே அளவு நேரம் கழித்து, ஒருமுறை.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன், "பூச்சுல ஈரம் இருக்கும் சார், லீக்காயிருக்கும்" என்றான். இருக்கலாம். பாடப்புத்தகத்தில் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அன்றே நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தேன். கத்திரி வெயிலில் அது அடுப்புக்கல் போலக் காய்ந்திருந்தது.

நான் அக்காவிடம் உண்மையைச் சொன்னது மனம் திருந்தியதால் அல்ல. பயந்துபோய்ச் சொன்னேன். எப்படியாவது அது ஒயர்தான், ஃபிரிஜ்தான் என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. மருத்துவமனைக்குத் திரும்பி, கட்டிலருகே நின்றபடியே சொன்னேன்.

"யக்கா, அது மாமா இல்ல. என் ஃபிரிஜ்ஜும் மோட்டாரும். உன் மீட்டர்ல நான்தான் ஒயர் இழுத்துக்கினேன்."

அவள் முகமூடியை விலக்கினாள். "இன்னாடா சொல்ற?"

மறுபடி முழுவதும் சொன்னேன். எந்த நாள், யார் செய்தது, மெயினுக்கு முன்னால் எப்படி எடுத்தான், எல்லாம். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"ஐஸ்பொட்டியா?" என்றாள்.

"ஆமாக்கா."

வெகுநேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள்.

"அப்ப அவரு வரவே இல்லியா?"

அவளிடம் இருந்து நான் எடுத்தது மின்சாரம் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எட்டு நாளில் வீட்டுக்கு வந்தாள். அவள் கையிலிருந்து ஒரு ரூபாய் செலவாகவில்லை. ஒயரை வெட்டி ஓட்டையை அடைத்திருந்தோம். மகன் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அக்கா இயந்திரத்தை ஒழுங்காகப் போட்டாள். என்னிடம் கோபமாகவும் பேசவில்லை, சும்மாவும் பேசவில்லை. ஆனால் உச்சிவேளையில் சுவிட்சுகள் அணையும் ஓசை மட்டும் நிற்கவில்லை. டக். டக். பிறகு மெயின். சந்து முனையிலிருந்து பார்ப்பேன். மீட்டருக்குக் கீழே தட்டு இல்லாமல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். விளக்கு எரியாது. எனக்கு ஒருநாள் தெரிந்தது அவளுக்கு ஒருநாளும் தெரியவில்லை. அரைமணி, முக்கால்மணி அப்படியே இருப்பாள். உயிரோடிருப்பவர் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியும் என்று நான் அறிந்ததில்லை. எழுந்து மெயினைத் தூக்கிவிட்டு உள்ளே போவாள்.

பதினைந்து நாள் பார்த்தேன். பிறகு இரண்டாவது தப்பைச் செய்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

"வெட்டுன்றீங்க, சேருன்றீங்க. உங்களுக்கு இன்னா சார் ஆச்சு?" என்றான்.

அவளுக்குத் தெரியாத நேரத்தில் சேர்த்துவிட்டுப் போனான். உச்சிவேளை வந்தது. சுவிட்சுகள் அணைந்தன. மெயின் இறங்கியது. நான் ஃபிரிஜ்ஜின் பிளக்கைச் சொருகிவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். பேச்சு எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து மெயின் ஏறியது. செருப்பு தேயும் ஓசை சந்து வழியே சுற்றிவந்து எங்கள் வாசலில் நின்றது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பு ஏறி இறங்கியது.

"தம்பி."

"இன்னாக்கா?"

"ஐஸ்பொட்டியப் புடுங்கு."

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, "இன்னா அண்ணி, இன்னா ஆச்சு?" என்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் போய்ப் பிடுங்கினேன். ஃபிரிஜ் ஒருமுறை உதறி அடங்கியது. அந்த ஓசை முழுவதும் நிற்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிச் சந்துக்குள் நடந்தாள். பின்னாலேயே போனேன்.

"மூச்சு வாங்குது. பேச வெக்காத" என்றாள்.

ஐப்பசி மழை பிடிக்கும்வரை இருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை, இயந்திரக் குழாய் மூக்கில் இருக்க, அவளே என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"உங்க மாமா போறப்போ கடனு இருந்துது இல்ல. நான் அத்தினியும் அடைச்சேன். அது அவருக்குத் தெரிஞ்சிருக்குமாடா?"

"தெரிஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

"நீ சொல்றத நான் எப்பிடிடா நம்பறது?"